இடது கால்

ஃபோன்ஸின் நீலக்கரைத் துண்டைத்தான் வேர்லா முதலில் பெட்டிக்குள் வைத்தாள். அதன்மேல் கம்பளிச் சட்டை, ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள், உள்ளாடைகள், காலுறைகள். அவள் மடித்த வேகத்தில் துணிகளே பயந்துபோயிருக்கும்.

அடுத்த அறையில் அம்மாவின் மூச்சு மரம் அறுப்பதுபோல் வந்துகொண்டிருந்தது. இழுக்கும். நிற்கும். இனி வராது என்று நினைக்கும்போது மறுபடி இழுக்கும்.

"துண்டு அடியில போயிடுச்சு," என்றான் ஃபோன்ஸ்.

"போகட்டும்."

"இன்னிக்கு சனிக்கிழமை."

"தெரியும். அதுக்கு?"

அவன் பெட்டியையே பார்த்தான். அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில், மேல்கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அறுபதைத் தொடும் ஆள். கைகள் மண்வெட்டி அகலம். சமையலறைச் சூட்டில் நெற்றியில் வியர்வை ஓடியது. கோட்டைக் கழற்று என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்தாயிற்று. போகிறவன் கோட்டோடுதான் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

கேல் ஊரில் ஃபோன்ஸ் மாதிரி ஒருவர் வீட்டில் இருப்பது அதிசயம் இல்லை. மனநல விடுதியிலிருந்து ஒருவரை அழைத்துவந்து வீட்டோடு வைத்துக்கொள்வது அங்கே பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம். அவர்கள் மாட்டுக்குத் தீவனம் போடுவார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவார்கள், சுவரோடு பேசுவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா அப்பா போனபிறகு வீடும் பீரோவும் பிள்ளைக்கு வருவதுபோல அந்த ஆளும் பிள்ளைக்கு வருவார். அதை யாரும் எழுதிவைப்பதில்லை. அதனாலேயே அதிலிருந்து தப்பிப்பதும் சுலபம் இல்லை.

வேர்லாவுக்கு வந்து சேர வேண்டியவன் ஃபோன்ஸ். அவள் வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

அந்தக் குடும்பத்தில் முதல்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்தவள் அவள்தான். இப்போது ப்ரஸ்ஸல்ஸில் தொழிற்சங்க வக்கீல். வேலை நேரம், ஓய்வு, கூலி: இந்த மூன்றுக்காகவும் நீதிமன்றத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவள். அவளுடைய அம்மா இர்மாவுக்கு இந்த மூன்றில் எதுவும் வாழ்நாளில் வாய்த்ததில்லை. அது அவளுக்குக் குறையாகப் பட்டதும் இல்லை. அதுதான் வேர்லாவுக்குப் பொறுக்கவில்லை.

விடுதி நர்ஸ் அன்னலீஸ் காபி நேரத்துக்கு வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். "அம்மா போற நேரத்துல ஃபோன்ஸ் அங்க இருக்கக் கூடாது," என்று தொலைபேசியில் தணிந்த குரலில் சொன்னாள். "உங்க அப்பா போனப்போ நடந்தது எங்களுக்கும் நினைவிருக்கு."

வேர்லா இரண்டு கதவுக்கும் தாழ் போட்டு வைத்திருந்தாள்.

பின்கதவு தட்டும் சத்தம் கேட்டு அவள் தாழை நீக்கியதும் பக்கத்து வீட்டு ஜெர்மேன் வந்தாள். கையில் சூப்புப் பாத்திரம். உள்ளே காலை வைத்ததும் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள்.

"அப்ப நெசந்தானா, வக்கீலம்மா?"

"சூப்புக்கு நன்றி, அத்தை. அங்க வெச்சிடுங்க."

"இந்தத் தெருவுல ஆளைத் திருப்பி அனுப்பின வீடு கெடையாது, தெரியுமா?"

"இனிமே இருக்கும்."

ஜெர்மேன் பாத்திரத்தை டொக்கென்று வைத்தாள். "என் மாமியார் எனக்கு விட்டுட்டுப் போனது ரெண்டே ரெண்டு. ஒரு தையல் மெஷின், ஒரு லூயி. மெஷின் ஒருநாள்கூட ஓடல. லூயி இன்னும் ஓடிட்டே இருக்கான், நான் பின்னாடியே ஓடறேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உங்களைக் கேட்டாங்களா? சம்மதமான்னு ஒரு வார்த்தை?"

"சோறு போடறதுக்கு சம்மதம் வேற கேப்பாங்களா?" அவள் ஃபோன்ஸ் பக்கம் திரும்பினாள். "டேய் ஃபோன்ஸ், போற எடத்துல ஆடு இருக்காம்டா. எங்க லூயியைவிட அறிவா பேசும்."

ஃபோன்ஸ் சிரிக்கவில்லை. "இர்மா மூச்சு வேற மாதிரி இருக்கு," என்றான்.

ஜெர்மேன் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே போய்க் கட்டில் அருகே சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வந்தாள். போகும்போது வேர்லாவின் தோளைத் தொடப் போனவள், முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். வேர்லா அவள் பின்னால் மறுபடி தாழ் போட்டாள்.

அம்மா விழித்துக்கொண்டிருந்தாள். முகம் சின்னதாகிவிட்டது. கண் மட்டும் பழைய கண்.

"பெட்டி கட்டியாச்சா?"

"ஆச்சு."

"கம்பளிச் சட்டை?"

"வெச்சாச்சும்மா."

"நல்ல குடும்பம்னு அன்னலீஸ் சொன்னா. நான் துருவித் துருவிக் கேட்டுட்டேன். ஆடு வேற இருக்காம்."

வேர்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வந்த நாளிலிருந்து அவள் ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். ஃபோன்ஸைப் பாத்துக்கிறியா? அதற்கு அவளிடம் பதில் தயார். வழக்குக்குத் தயாரிப்பதுபோல வரி வரியாகத் தயாரித்தது. ரயிலில் வரும்போதே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அம்மா கேட்கவே இல்லை. நர்ஸை வரச்சொன்னதும் அம்மாதான், வேறு குடும்பம் பார்க்கச் சொன்னதும் அம்மாதான். கேட்காத கேள்வியை எப்படி மறுப்பது?

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"எதை?"

"தெருவே கேக்குது. நீ மட்டும் கேக்க மாட்டேங்கற."

"கேட்டா சரின்னு சொல்லிடுவே." அம்மா மூச்சுக்காக நின்றாள். "சாகக் கிடக்கறவ கேட்டா யாருடி மாட்டேம்பா? அப்படிப் புடுங்கி வாங்கறது எனக்கு வேண்டாம். அவனுக்கும் அசிங்கம்."

"உனக்கு என்னதாம்மா கெடச்சுது இதுல?" நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "வாழ்நாள் பூரா ஒருத்தன் சாக்ஸைத் தொவச்சே. கடலையாவது பாத்தியா நீ? ரயில் ஏறினா கடல்."

"பாத்தேனே. அவனையும் கூட்டிட்டுத்தான் போனேன். தண்ணியைப் பாத்துட்டு, 'இவ்வளவையும் யாரு துடைக்கறது'ன்னு கேட்டான்." அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிப்பா இருமலா தெரியவில்லை. இரண்டும்தான்.

"நான் கேட்டதுக்கு பதில் சொல்லு."

அம்மா கூரையைப் பார்த்தாள். "ஆண்டவருக்காகன்னுதான் ஆரம்பிச்சேன். ஏன் பொய் சொல்லணும், மொதல்ல அவர்மேலயே எரிச்சலா வரும். உம் பிள்ளையை நீயே பாத்துக்கோயேன்னு தோணும். அப்புறம்... பிடிச்சுப்போச்சுடி."

"என்னது?"

"பிடிச்சுப்போச்சு. சனிக்கிழமை எப்ப வரும்னு இருக்கும். அந்தப் பெரிய காலைப் புடிச்சுத் தேய்க்கறப்போ ஒரு பாட்டு வரும் வாயில. எங்கேருந்து வரும்னே தெரியாது. உங்க கோர்ட்ல இதையெல்லாம் சொல்ல முடியாது, இல்ல?"

வேர்லா போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"அந்தப் பெரிய வியாழக்கிழமை ஞாபகம் இருக்கா?" என்றாள் அம்மா.

அதை எப்படி மறப்பது? வேர்லா அப்போது சிறுமி. பெரிய வியாழன் அன்று, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல, பங்குச் சாமியார் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார். வலது கால் மட்டும். அதற்குப் போகிறவர்கள் முந்தின நாளே வீட்டில் கல்லால் தேய்த்துக் கழுவி, புதுக் காலுறை போட்டுக்கொண்டு போவார்கள். சாமியாருக்குக் கழுவ ஒன்றும் மிச்சம் வைக்க மாட்டார்கள். அந்த வருடம் வரிசையில் கடைசியாக ஃபோன்ஸ் உட்கார்ந்திருந்தான். சாமியார் அவன் வலது காலைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டுவிட்டு எழுந்தார். ஃபோன்ஸ் இடது காலை நீட்டினான். சாமியார் புன்னகையோடு நகரப் பார்த்தார். "சாமி," என்றான் ஃபோன்ஸ், கோயிலின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில், "இன்னொரு கால் இருக்கு."

கோயிலே சிரித்தது. சாமியார் மறுபடி மண்டியிட வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் மேலே அம்மாவின் சிரிப்பு கேட்டது. தலையில் கட்டிய துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வேர்லா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று அவள் முடிவுசெய்தது அங்கேதான்.

"அன்னிக்கு மாதிரி நான் சிரிச்சதே இல்லடி," என்றாள் அம்மா. கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று வேர்லா எழப்போனபோது அந்த உதடு மறுபடி அசைந்தது.

"அப்பா போன அன்னிக்கு... நீ படியில..."

வேர்லா அப்படியே நின்றாள்.

"படியில என்னம்மா?"

மூச்சு இழுத்தது. நின்றது. இழுத்தது. வார்த்தை வரவில்லை. அவள் குனிந்து காத்திருந்தாள். "சொல்லும்மா. படியில?" அம்மாவின் முகம் வேறெங்கோ திரும்பிவிட்டிருந்தது.

அப்பா ஒரு மதியம் தொழிற்சாலையில் விழுந்து, பிணமாக வீட்டுக்கு வந்தார். வேர்லாவுக்குப் பதினைந்து வயது. கீழே கண்ணாடிகள் உடையும் சத்தம் கேட்டு வெறுங்காலோடு மாடிப்படி இறங்கினாள். ஃபோன்ஸ் அலமாரியில் இருந்த ஒவ்வொரு கண்ணாடி டம்ளரையும் எடுத்துத் தரையில் அடித்துக்கொண்டிருந்தான். கடைசி டம்ளரும் தீர்ந்தபிறகு அம்மா கண்ணாடித் தூளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பொழுது சாயும்வரை அப்படியே இருந்தாள். அப்பா முன்னறையில் தனியாகக் கிடந்தார். வேர்லா கடைசிப் படியில் நின்றாள். தரை முழுக்கக் கண்ணாடி. அவளைத் தூக்கிக்கொண்டு போக யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே இறங்கி நடந்தாள். இடது குதிகாலில் ஏறிய துண்டைக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தானே பிடுங்கினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அம்மாவும் கேட்கவில்லை.

சமையலறைக்குத் திரும்பினாள். ஃபோன்ஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"உக்காரு."

"இர்மா நிறுத்திட்டா," என்றான்.

"என்னத்தை?"

அவன் கதவைக் காட்டினான். அப்போதுதான் அவளுக்கும் கேட்டது: ஒன்றும் கேட்கவில்லை என்பது. ஓடினாள். அம்மாவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது, பாதிச் சிரிப்பில் யாரோ கூப்பிட்டதுபோல. வேர்லா கையைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். "அம்மா," என்று ஒருமுறை கூப்பிட்டாள். மேலே என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை படித்ததில் அது இல்லை.

சமையலறையில் இரும்பு உரசும் சத்தம்.

அவள் திரும்பினாள். கண்ணாடி அலமாரி. ஓடிப்போய் அறை வாசலை மறித்து நின்றாள். ஃபோன்ஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தான். ஒரு கையில் அடுப்பிலிருந்து எடுத்த கெட்டில், கொதிக்கக் கொதிக்க. மறுகையில் வெள்ளை எனாமல் தொட்டி.

"கீழ வை."

"சனிக்கிழமை."

"ஃபோன்ஸ், கெட்டிலைக் கீழ வை. இல்லேன்னா நான் கத்துவேன்."

"கத்து," என்றான். மிரட்டலாக இல்லை. அனுமதி கொடுப்பதுபோல.

தொட்டியை மேசைமேல் வைத்துச் சுடுநீரை ஊற்றினான். குழாயிலிருந்து பச்சைத்தண்ணீர் விட்டான். சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை நனைத்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் பச்சைத்தண்ணீர். மறுபடி முழங்கை. அவள் கண் பின்கதவின் தாழ்ப்பாளைத் தேடியது. ஓடி ஜெர்மேனைக் கூப்பிடலாம். ஆனால் அவன் தொட்டியை ஏந்திக்கொண்டு நேராக அவளை நோக்கித்தான் வந்தான். தளும்பவில்லை. வாசலில் நின்று, அவள் விலகுவதற்காகக் காத்திருந்தான்.

ஏன் விலகினாள் என்று அவளுக்குத் தெரியாது. விலகினாள்.

கட்டிலின் கால்மாட்டில் அவன் மண்டியிட்டான். முழங்கால் இரண்டும் சடசடத்தன. போர்வையை விலக்கி அம்மாவின் பாதத்தை வெளியே எடுத்தான். நீலம் பாரித்த சின்னப் பாதம். அவன் உள்ளங்கைக்குள் முழுசாக அடங்கியது. சோப்பைக் குழைத்தான். விரல் விரலாகத் தேய்த்தான்.

"இதென்னடா விரல் சந்துல, தோட்டமா போட்டிருக்க?" என்றான். அது அவன் குரல் இல்லை. அம்மாவின் வாக்கியம், அம்மாவின் இழுப்பு. "கேரட்டு வெளஞ்சிருக்கே. நாளைக்குப் புடுங்கி சூப்பு வெச்சிடலாம்."

வேர்லாவின் வாயிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. கையால் பொத்திக்கொண்டாள்.

அவன் இரண்டு காலையும் கழுவினான். துண்டைத் தேடிப் பக்கத்தில் கையை நீட்டினான். துண்டு அங்கே இல்லை. பெட்டிக்குள் இருப்பது நினைவு வந்திருக்க வேண்டும். தன் சட்டையின் முன்பக்கத்தை வெளியே உருவி, அதைக்கொண்டு துடைத்தான். போர்வையை இழுத்துப் பழையபடி மூடினான். தொட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து மறுபடி நீர் கலந்தான். முழங்கை, பச்சைத்தண்ணீர், முழங்கை.

"உக்காரு," என்றான்.

"யாரு?"

"நீ."

"எனக்கு எதுக்கு? என் கால் சுத்தமாத்தான் இருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் சொல்லியிருக்கலாம், இது பைத்தியக்காரத்தனம் என்று. உள்ளே அம்மா செத்துக் கிடக்கிறாள் என்று. பிறருக்குச் செய்வது அவளுக்கு வராதது இல்லை. சங்கத்தில் பாதி ராத்திரிக்குக் கூப்பிட்டாலும் போய் நிற்பாள். அவளுக்கு யாராவது ஏதாவது செய்ய வந்தால்தான் ஓடிவிடுவாள். ஜெர்மேனின் கை தோள் பக்கம் வந்தபோதுகூட. ஃபோன்ஸ் தொட்டியைத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டுக் காத்திருந்தான். வண்டிக்கு அல்ல, அவளுக்கு.

நாற்காலியில், அவனுடைய கோட்டின்மேலேயே உட்கார்ந்தாள். வலது காலுறையை உருவினாள். ப்ரஸ்ஸல்ஸ் செருப்பு கடித்துக் கடித்துச் சுண்டுவிரல் காய்த்துப்போயிருந்தது. பெருவிரலில் ஒரு கொப்புளம். கோர்ட்டுக் காரிடார்களில் இதை வைத்துக்கொண்டுதான் விடுவிடுவென்று நடக்கிறாள்.

ஃபோன்ஸ் உச்சுக்கொட்டினான். "செருப்பு கெட்ட செருப்பு."

"வெலை ஜாஸ்தி அது."

"அப்ப ரொம்பக் கெட்ட செருப்பு."

நீர் பொறுக்கிற சூடு. அந்தப் பெரிய விரல்கள் கொப்புளத்தைச் சுற்றிக்கொண்டு போயின. அவன் முணுமுணுக்க ஆரம்பித்தான். பாட்டில் வார்த்தை இல்லை, மெட்டும் பாதிதான். சனிக்கிழமை சாயங்காலங்களில் மாடியில் பாடம் படிக்கும்போது தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வந்துகொண்டிருந்த மெட்டு. அதைக் கேட்காமல் இருக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தவள் அவள்.

வாசல் மணி அடித்தது.

"வேர்லா? நான்தான், அன்னலீஸ்."

ஃபோன்ஸின் கை நீருக்குள் நின்றது. பாட்டும் நின்றது. வாசலைப் பார்த்தான். மேசைமேல் வாரெல்லாம் இறுக்கிக் கட்டிய பெட்டியைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அப்பா போனபிறகு அம்மா ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த டம்ளர்கள். 

"கோட்டு போடணுமா?" என்று கேட்டான். அவள்தான் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் தன் வலது காலைப் பார்த்தாள்.

"கால் ஈரமா இருக்கு," என்றாள். "துண்டு எங்க?"

"பெட்டில. அடியில. நீதான் வெச்சே."

"எடு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய் வார்களை அவிழ்த்தான். காலுறைகளை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளாடைகளை வைத்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள் இரண்டு நாற்காலி முதுகுக்குப் போயின. கம்பளிச் சட்டை அடுப்பு மேடைக்குப் போனது. பெட்டி காலியானபிறகு நீலக்கரைத் துண்டோடு வந்து மண்டியிட்டு, அவள் வலது காலை மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்கெல்லாம் துடைத்தான்.

மணி மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக. "வேர்லா? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"வரேன்!" என்று குரல் கொடுத்தாள். எழுந்திருக்கவில்லை.

ஃபோன்ஸ் தொட்டியின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்துத் தூக்கப்போனான். வேர்லா இடது காலுறையை உருவினாள். குதிகாலுக்கு அடியில் அந்தத் தழும்பு நூல்போல வெள்ளையாகக் கிடந்தது. காலை நீட்டினாள்.

அவன் தொட்டியைக் கீழே வைத்தான். தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முழங்கையை நீரில் நனைத்துப் பார்த்தான்.

"ஆறிப்போச்சு," என்றான். கெட்டிலை எடுக்க எழுந்து அடுப்புப் பக்கம் போனான்.

அவள் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.